அடுக்களை வாடை

எங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். ரசிக்கிறவர்கள் டிரைவரை வரிசையில் நிறுத்திவிட்டு ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு சாதிக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு, இதில் ஏகப்பட்ட நுணுக்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர்கள் ஹைரேஞ்ச் வைன் ரசிகர் மன்றத்தார். புரியவைத்ததோடு விடாமல் என்னைத் தங்கள் மன்றத்தின் தலைமை மூக்காகவும் நியமித்தார்கள். அந்தப் பதவியில் பதினான்கு மாதம் இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் வைத்திருப்பது அதைவிட வெட்கமாக இருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சூசையப்பன். ஹைரேஞ்ச் என்கிற எங்கள் மலைப்பக்கத்தில், வண்டன்மேட்டில் ஒரு ஏலக் கம்பெனியில் ஏலக்காய் சாம்பிள் பார்க்கிற வேலை. மூட்டையில் கைவிட்டு நாலு காய் எடுத்து, நிறம் பார்த்து, நசுக்கி, மூக்கருகே வைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் இரண்டே வார்த்தைதான். காய் நன்றாக இருந்தால் 'வாசம்'. புகை ஏறியிருந்தாலோ ஈரச்சாக்கில் கிடந்து பூசணம் பூத்திருந்தாலோ 'வாடை'. வாடை என்று நான் சொல்லிவிட்டால் அந்த மூட்டை அன்றைய ஏலத்துக்குப் போகாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தர்கூட என் வாடையை மறுத்துப் பேசியதில்லை.

மன்றத்துக்குள் நான் போனதே சாம்பிள் பொட்டலம் கொடுக்கத்தான். மன்றத் தலைவர் சிவப்பிரகாஷ் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். அங்கே தென்னந்தோப்பு, எங்கள் ஊரில் நூற்றிருபது ஏக்கர் ஏலத்தோட்டம். மாதம் இரண்டு முறை மலையேறி வருவார். அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மன்றச் செயலாளர் பிஜு நடத்துகிற ரிசார்ட்டில் இருந்தார். நான் போனபோது நீண்ட மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் ஆளுக்கொரு கிளாசுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கோ ஜெபம் நடக்கிறதாக்கும் என்று நினைத்து நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"ஏனுங்க சூசை, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் சிவப்பிரகாஷ். "பிரான்ஸ் பாட்டிலுங்க. இதுல என்னமோ ஒண்ணு வருது, பிடிபட மாட்டேங்குது. நீங்க மூக்குக்காரரு, பாத்துச் சொல்லுங்க."

வாங்கி மோந்து பார்த்தேன். இதில் பிடிபட என்ன இருக்கிறது?

"ஏலக்கா வாடை அடிக்குது சார்" என்றேன்.

நான் சொன்னது வாடை. என் தொழிலில் அதற்கு அர்த்தம், இதைத் தூக்கி ஓரமாக வையுங்கள் என்பது. அவர்கள் கைதட்டினார்கள். மௌனிகா என்று ஒரு பெண், பெங்களூரில் மூன்று நாள் வைன் படிப்பு முடித்துச் சட்டையில் ஊசிப்பதக்கம் குத்தியிருந்தவர், மடியிலிருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டி விரலை ஓட்டி, "கீழைநாட்டு நறுமணம்! ஏலக்காய்! இதோ இருக்கு" என்று குரல் நடுங்கச் சொன்னார். சிவப்பிரகாஷ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. செருப்பில்லாமல் நின்ற என்னை உட்காரவைத்து அன்றைக்கே மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூக்குப் படம் பொறித்த ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்குள் கறுப்புக் கோட்டும் வந்துவிட்டது.

மன்றத்துக்குப் பதினேழு விதிகள். முதல் விதி, 'குடி' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. வைனைக் குடிப்பதில்லை, அதனோடு உரையாடுவதுதான் முறை. தப்பித் தவறிச் சொல்லிவிட்டால் காலி கிளாசைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் சுவரோரம் நிற்க வேண்டும். ஒருமுறை ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் தாமதமாக வந்து, "சளி, கஷாயம் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்" என்றார். நிற்க வைத்தார்கள். கஷாயத்துக்கு இந்த விதி பொருந்துமா என்று அடுத்த கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. பொருந்தும் என்று முடிவானது. அவரே ஆதரித்து ஓட்டுப் போட்டார்.

இரண்டாவது விதி, 'சைடிஷ்' என்று சொல்லக் கூடாது. 'இணை' என்று சொல்ல வேண்டும். இணை பார்க்கத் தனிக் கமிட்டி. கப்பக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மீன்கறியும் இணையாகுமா என்று ஆராய ஒருநாள் கூடினார்கள். புத்தகத்தில் கப்பக்கிழங்கு இல்லை. அதற்குக் கிட்டத்தில் வருவது உருளைக்கிழங்குதான் என்பதால், கப்பையை இன்று ஒருநாள் உருளைக்கிழங்காகக் கருதலாம் என்று தீர்மானம் போட்டார்கள். மீனுக்கு வெள்ளை வைன் சரி, குடம்புளிக்கு எது, காந்தாரி மிளகாய்க்கு எது என்று பிரித்துப் பிரித்துப் பேசி முடிப்பதற்குள் கப்பை விறைத்து, மீன்கறியில் ஆடை படிந்துவிட்டது. 'இணை பலனளிக்கவில்லை' என்று பிஜு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சமையல்காரரோடு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். அங்கே பலனளித்தது.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன் என்பதுதான் கதை. 'சூசை' என்று கூப்பிட்ட தோட்ட முதலாளிகள் 'சூசை சார்' என்று கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்டால் எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டீக்கடையில் டீயைச் சுழற்றி மோந்து பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் ஒருநாள் ரசத்தை அப்படிச் செய்தபோது என் மனைவி ஞானஜோதி எட்டிப் பார்த்து, "என்ன, கொசு கெடக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். இருபது வருடத்தில் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம் சாம்பிள் எடுக்க சிவப்பிரகாஷின் தோட்டத்து ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் சாமான் வைக்கிற இடம் இல்லை. பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, கீழே அடுப்பெரித்து, குழாய் வழியாகச் சூடு ஏற்றிக் காயவைக்கிற கட்டடம். உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். முதலாளிகள் அதனாலேயே உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மேல்தட்டில், காய்க்கு மேலே, வரிசையாகத் தொண்ணூறு வைன் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன.

ஸ்டோர் பார்த்துக்கொள்கிற சங்கையாவிடம் இது என்ன என்று கேட்டேன்.

"மொதலாளி போன்ல மெசேஜ் போட்டாருல்ல" என்றார் சங்கையா. "பாட்டில பூராவும் ஸ்டோர் பண்ணிரு, வெளிச்சம் படக்கூடாது, ஆட்டக்கூடாதுன்னு. ஸ்டோர்லதான வச்சிருக்கேன். வெளிச்சமும் இல்ல, ஆட்டமும் இல்ல. மூணு சீசனா ஒண்ணுகூட ஒடையல. வாராவாரம் தொடச்சு வைக்கேன்."

ஒரு பாட்டிலைத் தொட்டேன். டீ கிளாஸ் மாதிரிச் சுட்டது. தக்கைகள் எல்லாம் காய்ந்து தலையைத் தூக்கியிருந்தன. ஓரத்தில் கசிந்து கறுத்திருந்தது. மூன்று சீசன் ஏலக்காய் ஆவியைக் குடித்துவிட்டு அந்தத் தொண்ணூறும் வெந்துபோய்க் கிடந்தன. மன்றத்தார் உருகி உருகி உரையாடிய கீழைநாட்டு நறுமணம் எங்கள் ஊர்ப் புகைக்கூண்டிலிருந்து போனது.

நேராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் பங்களாவுக்குப் போனேன். அங்கே சிவப்பிரகாஷ் கோயமுத்தூரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு வைன் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில்கள் பங்களாவுக்குக் கீழே கல்லறையில், அதாவது கல் வைத்துக் கட்டிய அறையில், குளிர்ச்சியாக இருப்பதாக அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான் மனசார நம்பியிருந்தார்; வேண்டிய பாட்டிலைச் சங்கையா கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. என்னைப் பார்த்ததும், "இந்தா வந்துட்டாருங்க. இவரு இல்லீன்னா எங்களுக்கு மூக்கே இல்லீங்க. சொல்லுங்க சூசை சார், இதுல என்ன வருது?" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கிளாசை வாங்கிச் சுழற்றி, கண்ணை மூடி, "ஏலக்காய்... வாசம்" என்றேன். வாடை அன்றைக்கு வாசமானது. என் வாயில்தான் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் மன்றத்தாருக்கு ஊரைத் திருத்துகிற எண்ணம் வந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமசுக்கு வைன் போடாத வீடு குறைவு. அந்த வைன்களை எல்லாம் வரவழைத்து, மோந்து, குறை சொல்லி, மக்களுக்கு ரசனை கற்பிக்க 'நாட்டு வைன் மதிப்பீட்டு நாள்' நடத்துவதென்று முடிவானது. பூசை முடிந்து கோயிலில் அறிவிப்பு வாசித்தார்கள். முதல் பரிசு வாங்கும் வைன் மன்றத்தின் கிறிஸ்துமஸ் விருந்தில் பரிமாறப்படும், செய்தவர் பெயர் மேடையில் அறிவிக்கப்படும் என்றார்கள்.

அன்று மத்தியானம் ஞானஜோதி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நம்ம வைன குடுத்துப் பாப்போமா?"

"உன் இஷ்டம்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது.

"மைக்குல பேரு சொல்வாகளாமே?"

"சொல்வாங்க."

"உங்க பேரோட சேத்துச் சொல்வாகளா, வெறும் பேரு மட்டுமா?"

தெரியாது என்றேன். ஞானஜோதி எஸ்டேட்டில் காய் எடுக்கிற வேலைக்குப் போகிறவள். காலையில் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கூப்பிடும்போதுதான் அவள் பெயரைச் சத்தமாக ஒருத்தர் சொல்வார். அதுவும் பாதிப் பெயர்தான், 'ஞானம்' என்று முடிந்துவிடும். மற்றபடி அவள் சூசையப்பன் சம்சாரம். அவளுக்கு வேண்டியிருந்தது பரிசுகூட இல்லை. தன் பேர் ஒருதடவை முழுசாக மைக்கில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மறுநாளே ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மைக்குக்காகத்தான் ஜாக்கெட் என்று எனக்குத் தெரியும்.

அவள் வைனும் சாதாரணம் இல்லை. அக்டோபரில் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை வரும். கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, சீனியும் ஒரு கை கோதுமையும் கிராம்பும் போட்டுப் பீங்கான் பரணியில் வாய்கட்டி வைப்பாள். கடைசியில் சீனியைக் கருக்கி ஊற்றி, இரண்டே இரண்டு பச்சை ஏலக்காயைத் தோலோடு தட்டிப் போடுவாள். இரண்டுதான். மூன்றாவது போட்டால் பாயசமாகிவிடும் என்பாள். பத்தொன்பது வருடமாக எங்கள் லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கிறிஸ்துமஸ் அன்று அவள் வைன்தான்.

ரிசார்ட் ஹாலில் கூட்டம் நிறைந்திருந்தது. ஆறு பெண்கள் வைன் கொடுத்திருந்தார்கள். ஆறுக்கும் ஒரே மாதிரி பாட்டில், நம்பர் மட்டும். ஏழாவதாக, அளவுகோலாக வைக்க, சிவப்பிரகாஷின் பிரான்ஸ் பாட்டில் ஒன்று. மேடையில் கோட்டுப் போட்டு நான். பக்கத்தில் மௌனிகா. சிறப்பு விருந்தினராக எங்கள் பங்குச் சாமியார். அவரைப் பேசச் சொன்னார்கள். "தெனமும் காலைப் பூசையில நான் வைன் கையில எடுக்கேன். ஆனா வாழ்த்துன பெறகு அது ஆண்டவரோட ரத்தம், வைன் இல்ல. அதனால எனக்கு வைன்ல அனுபவம் கெடையாது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அன்று மேடையில் பேசியவர்களில் உண்மை பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

பிறகு தலைவர் உரை.

"நாங்க குடிக்கறக்காக மன்றம் நடத்தலீங்க" என்றார் சிவப்பிரகாஷ். உடனே தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்து, மேசையிலிருந்த காலி கிளாஸ் ஒன்றை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, விதிப்படி சுவரோரம் போய் நின்றபடியே தொடர்ந்தார். மைக்கை பிஜு பின்னாலேயே தூக்கிக்கொண்டு போனார். "அதுக்கு ஊட்டுலயே வசதி இருக்குதுங்க. நாங்க இங்க கூடறது, மத்தவங்க என்ன வச்சிருக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறக்குத்தான். பாட்டில வாங்கறது பெரிசில்லீங்க. அதைத் தொறக்காம வச்சிருக்கோணும். அவந்தான் ரசிகன். தொறந்தா என்னாகும்? நல்லா இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சு போயிருமுங்க. எங்கிட்ட தொண்ணூறு பாட்டில் இருந்துதுங்க. தொறந்ததெல்லாம் எனக்குப் புடிச்சிருந்துதான்னு கேட்டீங்கன்னா, அதைச் சூசை சார் சொன்னாத்தானுங்க எனக்கே தெரியும்."

பலத்த கைதட்டல். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை.

மோந்து பார்க்க ஆரம்பித்தேன். வாயில் ஊற்றி, சுழற்றி, பக்கெட்டில் துப்ப வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. ஒன்று, இரண்டு, மூன்று. துப்பினேன், ஏதோ சொன்னேன். மூன்றாவது எங்கள் பக்கத்து வீட்டு அழகுத்தாயுடையது என்று மோந்தவுடனேயே தெரிந்தது. புளித்திருந்தது, ஆனாலும் ஒன்றும் பாதகமில்லை. நான்காவதை மூக்குக்குக் கொண்டுபோனபோது என் வீட்டுக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. கருக்கின சீனி, கிராம்பு, தோலோடு தட்டின இரண்டு ஏலக்காய், எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் விறகடுப்புப் புகை மெலிதாக. வாயில் ஊற்றினேன். துப்பத் தோன்றவில்லை, இறங்கிவிட்டது.

நிமிர்ந்தேன். மூன்றாவது வரிசையில் புது ஜாக்கெட்டோடு ஞானஜோதி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"சூசை சார்" என்றார் மௌனிகா மைக்கில். "நாலாம் நம்பர்ல ஏலக்காய் வருதே?"

"வருது" என்றேன்.

"வைன்ல போய் யாராவது ஏலக்காயைப் போடுவாங்களா? என்ன காட்டுமிராண்டித்தனம் இது. அதுவா வந்தா அது நறுமணம். நாமளா போட்டா அது பாயசம்." சபை சிரித்தது. "சார், இந்த ருசி உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஊட்டுல இந்த மாதிரி வைன் பழக்கம் உண்டுங்களா?" என்று சுவரோரத்திலிருந்து சிவப்பிரகாஷ் கேட்டார்.

"இல்லீங்க சார்." அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"ஒரே வார்த்தையில் பறயணும் சார், குறிப்பில் எழுதணும்" என்றார் பிஜு தன் மலையாளத் தமிழில், பேனாவோடு.

இத்தனை நாள் அந்தப் பிரான்ஸ் பாட்டிலுக்கு வாசம் என்று சொல்லி வந்தவன் நான். இதற்கும் அதையே சொன்னால் யாராவது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள், இது எப்படி வாசம் என்பார்கள், ஸ்டோர் வரைக்கும் போகும், கோட்டைக் கழற்ற வேண்டிவரும். இவ்வளவும் ஒரு நொடியில் தோன்றியது. எவ்வளவு வேகமாகத் தோன்றியது என்பதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அடுக்களை வாடை" என்றேன்.

ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த சீடனுக்குச் சேவல் கூவிய கதை வேதப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்து, ஒரு கணம் காத்திருந்தேன். சேவல் கூவவில்லை. ரிசார்ட் சமையல்கட்டில் கோழி பொரிந்துகொண்டிருந்தது.

ஐந்தையும் ஆறையும் துப்பிவிட்டு, அளவுகோல் பாட்டிலுக்கு வாசம் என்று சொல்லி முடித்தேன். முதல் பரிசு அழகுத்தாய்க்கு என்று முடிவானது. பிறகு பிஜு நம்பர் வாரியாகப் பெயரையும் குறிப்பையும் வாசித்தார். "நம்பர் நாலு. திருமதி ஞானஜோதி சூசையப்பன். அடுக்களை வாடை." முழுப் பெயரும் மைக்கில் வந்தது. தெளிவாக, இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. வாசித்து முடித்த பிறகுதான் பிஜுவுக்கே உறைத்தது.

"சாரே! இது சாரோட வைஃப் அல்லே?"

 இதோ என் சட்டையைப் பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சிவப்பிரகாஷ் காலி கிளாசோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா! சொந்த சம்சாரத்து வைனுங்க! கண்ணைக் கட்டி விட்டாலும் இந்த மூக்கு பொய் சொல்லாதுங்க! இவருதானுங்க நடுநிலை மூக்கு!"

பொன்னாடை போர்த்தினார்கள். 'நடுநிலை மூக்கு' என்ற பட்டத்தை அங்கேயே உண்டாக்கி அங்கேயே கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று ஞானஜோதியும் எழுந்து நின்று இரண்டு தட்டுத் தட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அடக்கம் என்று மறுநாள் மன்றத்து வாட்ஸ்அப்பில் எழுதினார்கள்.

வீட்டில் அவள் எல்லாம் வழக்கம்போலவே செய்தாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், காலையில் பெரட்டுக்குப் போனாள். புது ஜாக்கெட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தேன். லயத்தில் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் "அடுக்களை வாடை" என்று சொல்லி ஓடுவதாக அழகுத்தாய்தான் எனக்குச் சொன்னாள். பரிசு வாங்கினவள் அவள். சொல்லும்போது அவளுக்கே ஒருமாதிரியாக இருந்தது.  ஏலக் கம்பெனியில் ஒரு காயை மூக்கருகே வைத்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். கூட்டம் ஆரம்பித்ததும் எழுந்தேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். நம்ம பாட்டிலெல்லாம் கல்லறையில இல்ல. நாலு சீசனா ஸ்டோர்ல கெடக்கு. காய் காயவைக்கிற ஸ்டோர்ல. நீங்க ஸ்டோர் பண்ணுன்னு மெசேஜ் போட்டீங்க, சங்கையா அங்க கொண்டுபோய் வச்சுட்டாரு. அது பிரான்சுல இருந்து வந்த ஏலக்காய் இல்ல சார், நம்ம ஸ்டோர் வாடை. மொத நாள் நான் சொன்னதே வாடைன்னுதான். வைன் பூராவும் வெந்துபோச்சு சார்."

 சிவப்பிரகாஷின் முகம் வெளிறிவிட்டது. என் மனசு லேசானது. இரண்டு கையாலும் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கழற்றத் தயாராக நின்றேன்.

மௌனிகா மெல்ல எழுந்தார்.

"அப்படீன்னா... உலகத்துலயே ஏலக்காய் ஸ்டோர்ல பக்குவப்படுத்தின ஒரே பிரெஞ்சு வைன் நம்மகிட்டதான் இருக்கு" என்றார்.

சிவப்பிரகாஷின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ஏனுங்க! அப்படிச் சொல்லுங்க! நம்ம மண்ணு வாசம் பிரான்சு பாட்டிலுக்குள்ள பூந்திருக்குதுங்கன்னா, அது எப்பேர்ப்பட்ட மண்ணுங்க!"

'ஹைரேஞ்ச் ஸ்டோர் முறை' என்று பெயர் வைக்க ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒவ்வொருவரும் தங்கள் பாட்டில்களையும் ஸ்டோரில் வைக்க இடம் கேட்டார்கள். பாட்டிலுக்கு இடம் வேண்டுமே என்று பச்சைக் காய் பாதியை வெளியே இறக்கச் சொல்லி போனில் உத்தரவு போனது. "காயை எங்க மொதலாளி காயவைக்க?" என்று சங்கையா கேட்டது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.  அவருக்கு ஒரு கோட்டு தைக்க அளவு எடுக்க வேண்டும் என்று மட்டும் பிஜு எழுதிக்கொண்டார். இந்த முறையைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காக எனக்கு மறுபடி கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பேட்ஜையும் கோட்டையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஞானஜோதி அடுக்களையில் உட்கார்ந்து, பரணியிலிருந்த வைனைத் துணியில் வடிகட்டிப் பழைய ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் இருந்தது.

"மன்றத்துல எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டேன்" என்றேன். "இனிமே போக மாட்டேன்."

"என்னத்தச் சொன்னீக?"

ஸ்டோர் கதை, தக்கை எழும்பிய கதை, மௌனிகா சொன்னது, சிவப்பிரகாஷ் துள்ளியது எல்லாம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கடைசிச் சொட்டு இறங்கும்வரை துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அவரு வைன் வாடைன்னு சொல்லிட்டீக. என் வைனப் பத்தி என்ன சொன்னீக?"

நான் யோசித்தேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியதில் அதுவும் இருந்தது. இரண்டாவதாக இருந்தது. முதலாவதற்கே கைதட்டி உட்காரவைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். யாரும் என்னைப் பிடித்து உட்காரவைக்கவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன்.

"சொல்லல" என்றேன்.

"மத்த அஞ்சையும் துப்புனீக" என்றாள் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே. "நாலாவத மட்டும் முழுங்குனீக. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

  அவள் ஒரு டம்ளரில் பாதி ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். சுழற்றவில்லை, மோந்து பார்க்கவில்லை. குடித்தேன். 

"வாசமா இருக்கு, ஜோதி" என்றேன்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள் அவள். "யாரு காதுலயாவது விழுந்திரப் போகுது."